வெள்ளைக்குச் சாதகமாகத் தொடங்கினால் நியாயமா?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழின் பதில் ஒன்றில், கணினிச் சதுரங்க இன்ஜின்களை (சதுரங்கம் ஆடும் நிரல்களை) ஒன்றோடொன்று மோதவிட்டுச் சோதிப்பவர்கள் பல நேரங்களில் வேண்டுமென்றே வெள்ளைக்குச் சாதகமான நிலையிலிருந்து ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இம்முறை மிகுதி என்பதால், பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். திட்டப்பணிக்காக நானும் என் தோழியும் ஒரு சதுரங்க இன்ஜின் எழுதியிருக்கிறோம். பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் வழக்கமான தொடக்க நிலையிலிருந்து 100 ஆட்டங்கள் ஆடவிட்டதில், புதியது 54 புள்ளிகளும் பழையது 46 புள்ளிகளும் எடுத்தன. முன்னேறிவிட்டோம் என்கிறார் தோழி. ஆனால், ஆட்டங்களைத் திறந்து பார்த்தால் பலவும் ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கின்றன. எல்லாக் காய்களும் தத்தம் இடத்தில் நிற்கும் நிலையைவிட நியாயமான தொடக்கம் வேறு உண்டா?
– மாணவர், ஈசூன்

பதில்: அந்த நிலை நியாயமானதுதான், அது ஒரே ஒரு நிலை என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. மனிதர் இருவர் நூறு முறை ஆடினால் நூறு விதமாக ஆடுவார்கள். இன்ஜினிடம் ஒரே நிலையை, ஒரே ஆழம் வரை (அதாவது, முன்நோக்கி அதே எண்ணிக்கையிலான நகர்வுகள் வரை), செயலியின் ஒரே கூறில் தேடச் சொன்னால், ஒவ்வொரு முறையும் அது அதே நகர்வைத்தான் தரும். நீங்கள் ஆழத்தை வரையறுத்துச் சோதித்து, நிறத்தையும் பாதிக்குப் பாதி மாற்றியிருந்தால், உங்களிடம் உண்மையில் இருப்பவை இரண்டே ஆட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐம்பது நகல்கள். வெற்றிக்கு ஒரு புள்ளி, சமநிலைக்கு அரைப் புள்ளி என்பதால், அப்படி நடந்திருந்தால் புதிய பதிப்பின் கணக்கு 0, 25, 50, 75, 100 ஆகியவற்றுள் ஒன்றாகவே முடிந்திருக்கும். 54 வந்திருப்பதைப் பார்த்தால், நீங்கள் நேரத்தை வரையறுத்திருக்கிறீர்கள் என்றும், கணினியின் வேகத்தில் நேரும் சிறு ஏற்ற இறக்கங்களால் ஆட்டங்கள் இருபதாவது நகர்விலோ முப்பதாவது நகர்விலோ பிரிகின்றன என்றும் தோன்றுகிறது. நகர்வுப் பட்டியல்களை ஒப்பிடும் ஒரு சிறு நிரலை எழுதி, எந்த நகர்வில் ஆட்டங்கள் முதன்முதலாகப் பிரிகின்றன என்பதைப் பாருங்கள். பாதி ஆட்டம் வரை ஒன்றாகவே செல்லும் இரண்டு ஆட்டங்களை இரண்டு தனிச் சான்றுகளாக எண்ண முடியாது.

நூறும் தனித்தனி ஆட்டங்களே என்று வைத்துக்கொண்டாலும் 54 போதாது. சமநிலையே இல்லாத நூறு ஆட்டங்களில், முற்றிலும் நிகரான இரண்டு இன்ஜின்களின் கணக்கு, ஐம்பதிலிருந்து ஐந்து புள்ளி அளவுக்குத் தற்செயலாகவே இங்கும் அங்கும் நகரும். புள்ளியியலில் இதைத் திட்டப் பிழை என்பார்கள். உங்கள் நான்கு புள்ளி அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. தோழியிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஒரே நிலையிலிருந்து ஆடினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய இடத்து எடுத்துக்காட்டும் உண்டு. 2017 டிசம்பரில் டீப்மைண்ட் நிறுவனம் தன் ஆல்ஃபாஸீரோ இன்ஜினை ஸ்டாக்ஃபிஷ் 8 என்ற இன்ஜினுடன் வழக்கமான தொடக்க நிலையிலிருந்து 100 ஆட்டங்கள் ஆடவிட்டு, 28 வெற்றி, 72 சமநிலை, தோல்வி இல்லை என்று அறிவித்தது. அந்த 28 வெற்றிகளில் 25 வெள்ளையாக ஆடியபோது கிடைத்தவை. கறுப்பாக ஆடிக் கிடைத்தவை மூன்றே. அதே ஆய்வறிக்கையில், மனிதர்களிடையே புழக்கத்தில் உள்ள 12 தொடக்கங்களிலிருந்து தலா 100 ஆட்டங்கள் ஆடிய அட்டவணையும் இருந்தது. அங்கே ஸ்டாக்ஃபிஷும் சில ஆட்டங்களை வென்றிருந்தது. செய்தித்தாள்கள் முதல் கணக்கை மட்டுமே தலைப்பாக்கின. இரண்டாவது அட்டவணைதான் சோதனை என்ற வகையில் கூடுதல் மதிப்புடையது என்பது எங்கள் கருத்து.

கேள்வி: நான் கணக்காய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவன். ஒரு தரப்புக்குச் சாதகமான நிலையில் தொடங்குவது, புத்தகத்தில் ஒரு பக்கம் மட்டும் தொகையைக் கூட்டி எழுதுவது போல எனக்குப் படுகிறது. முழுச் சமநிலையில் உள்ள நிலைகளாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் பிரச்சினையே இல்லையே?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: ஐயா, ஒரு பக்கம் மட்டும் கூட்டினால் தவறுதான், இங்கே இரண்டு பக்கமும் அதே தொகை கூட்டப்படுகிறது. ஒவ்வொரு நிலையையும் இரண்டு முறை ஆடவிடுகிறார்கள்; அவ்விரு ஆட்டங்களும் சேர்ந்து ஓர் இணை. முதல் ஆட்டத்தில் வெள்ளையாக இருந்த இன்ஜின் இரண்டாம் ஆட்டத்தில் கறுப்பாக ஆடுகிறது. சமூக மன்ற அரங்கில் பூப்பந்து ஆடுகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. குளிரூட்டிக் காற்று ஒரு பக்கமாகவே வீசினாலும், ஆட்டம் முடிந்ததும் பக்கம் மாறுகிறார்கள், மூன்றாவது ஆட்டத்தில் 11 புள்ளி வந்ததும் மறுபடி மாறுகிறார்கள்; காற்று நின்றால்தான் ஆடுவேன் என்று யாரும் அடம்பிடிப்பதில்லை. வழக்கமான தொடக்க நிலையே முழுச் சமநிலையில் இருப்பதாகவும் சொல்ல முடியாது. மனிதர்கள் ஆடிய ஆட்டங்களின் பெருந்தொகுப்புகளில் வெள்ளை ஏறத்தாழ 54 முதல் 55 விழுக்காட்டுப் புள்ளிகளைப் பெறுகிறது.

சமநிலை நிலைகளில் ஆடவிடுவதில் தவறு எதுவும் இல்லை, பயன்தான் இல்லை. இன்றைய வலுவான இன்ஜின்கள் இரண்டை, மதிப்பீடு (எந்தத் தரப்பு எவ்வளவு முந்தியிருக்கிறது என்று இன்ஜின் காட்டும் எண்) பூச்சியத்தை ஒட்டியிருக்கும் நிலையில் உட்காரவைத்தால், அவை இரண்டுமே தவறு செய்யாமல் ஆடி, ஆட்டத்திற்கு ஆட்டம் சமநிலையில் முடிக்கின்றன. ஒன்று மற்றொன்றைவிட உண்மையிலேயே வலுவானதாக இருந்தாலும், அந்த வலு வெளிப்பட இடமில்லை. மறுகோடிக்குச் சென்று, வெள்ளை ஒரு யானை கூடுதலாக வைத்திருக்கும் நிலையில் தொடங்கினாலும் இதே கதிதான்: எது வெள்ளையாக ஆடினாலும் அது வெல்லும், இணைக்கு ஒன்றுக்கொன்று என்று கணக்கு நேராகிவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே, வெற்றியா சமநிலையா என்பது ஆடுபவரின் கைத்திறனைப் பொறுத்து மாறும் ஒரு வரப்பு இருக்கிறது. அந்த வரப்பின் மேல் நிற்கும் நிலைகளில்தான், சற்றே வலுவான இன்ஜின் வெள்ளையாக ஆடும்போது வென்றுவிட்டு, கறுப்பாக ஆடும்போது அதே நிலையைச் சமநிலையில் காப்பாற்றிக்காட்டும்.

ஸ்டாக்ஃபிஷ் தன் மதிப்பீட்டு எண்ணையே இந்த வரப்பை வைத்துத்தான் இப்போது அளவிடுகிறது. 2022 இறுதியில் வந்த 15.1 பதிப்பிலிருந்து, அது 1.00 என்று காட்டினால், ஒரு சிப்பாய் கூடுதல் என்ற பழைய பொருள் போய், அதற்கிணையான இன்ஜினுக்கு எதிராக அந்த நிலையிலிருந்து வெல்லும் வாய்ப்பு 50 விழுக்காடு என்று பொருள். ஸ்டெஃபான் போல் என்பவர் மனிதர்களின் ஆட்டங்களிலிருந்து, வெள்ளைக்கு இத்தகைய சாதகம் உள்ள தொடக்கங்களைப் பல்லாயிரக்கணக்கில் திரட்டித் தொகுப்புகளாக வெளியிட்டார். ஸ்டாக்ஃபிஷ் உருவாக்குநர்கள், ஆர்வலர்கள் தம் கணினிகளை இரவல் கொடுக்கும் ஃபிஷ்டெஸ்ட் என்ற சோதனைத் தளத்தில் அத்தொகுப்புகளை எடுத்துக்கொண்டார்கள். 2010இல் தொடங்கிய டிசிஇசி இன்ஜின் போட்டியின் 100 ஆட்ட இறுதிச்சுற்றும் 50 தொடக்கங்களை நிறம் மாற்றி இருமுறை ஆடுவதே; அதற்கான தொடக்கங்களைப் பல பருவங்களுக்கு யெரோன் நூமன் தேர்ந்தெடுத்தார்.

இதில் ஈசூன் மாணவருக்கும் ஒரு வார்த்தை உண்டு. மேலே சொன்னதெல்லாம் தவறே செய்யாத இன்ஜின்களுக்குப் பொருந்தும். மாணவர் எழுதும் இன்ஜின் முப்பதாவது நகர்வில் ஒரு குதிரையைத் தானம் செய்துவிடக் கூடியது என்பதால், சமநிலை நிலைகளிலிருந்து தொடங்கினாலும் வெற்றி தோல்விகள் தாராளமாகக் கிடைக்கும். அவர் சாதாரணமான, பலவகைப்பட்ட, ஓரளவு சமமான தொடக்கங்களையே எடுத்துக்கொள்ளலாம். இன்ஜின் வளர வளரச் சாய்வைக் கூட்டிக்கொண்டால் போதும்.

கேள்வி: தொடக்கக் கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறேன். நிலை சாய்வாக இருந்தால் இணையின் இரண்டு ஆட்டங்களிலும் வெள்ளையே வெல்லும் வாய்ப்பு அதிகம். அந்த இணை வீண்தானே? மேலும், இரண்டு ஆட்டங்களும் ஒன்றையொன்று சாராதவை என்று கொள்ள முடியாதபோது பிழையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?
– ஆசிரியை, பீஷான்

பதில்: இம்முறை வந்த கடிதங்களிலேயே கூர்மையான கேள்வி இது. கணக்காகவே போட்டுப் பார்த்துவிடுவோம்.

அ, ஆ என்ற இரண்டு இன்ஜின்கள் 100 நிலைகளிலிருந்து, நிறம் மாற்றி, மொத்தம் 200 ஆட்டங்கள் ஆடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 இணைகளில் இரு ஆட்டத்தையும் வெள்ளையே வென்றது, ஆகவே ஒன்றுக்கொன்று. 15 இணைகளில் அ வெள்ளையாக வென்று, கறுப்பாகச் சமநிலை செய்து, ஒன்றரைப் புள்ளி எடுத்தது. மீதி 5 இணைகளில் ஆ அதையே செய்தது. கூட்டிப் பார்த்தால் அ எடுத்தது 105 புள்ளி, ஆ எடுத்தது 95. பாதியைவிட அ ஐந்து புள்ளி மேலே நிற்கிறது. இந்த ஐந்து புள்ளிக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம்?

இணையை மறந்துவிட்டு 200 தனி ஆட்டங்களாக எண்ணினால், அ வென்றவை 95, தோற்றவை 85, சமநிலை 20. இந்த எண்களைக் கொண்டு வழக்கமான முறையில் கணக்கிட்டால் மொத்தப் புள்ளியின் திட்டப் பிழை ஏறத்தாழ 6.7 வருகிறது. ஐந்து அதைவிடக் குறைவு. ஆகவே எதுவும் நிரூபணமாகவில்லை என்று கையை விரித்துவிட வேண்டியதுதான். இப்போது ஒவ்வோர் இணையையும் ஒரே அளவீடாக எடுத்துக்கொள்ளுங்கள். அளவீடுகள் 100; அவற்றில் 80 சரியாக ஒன்று, 15 ஒன்றரை, 5 அரை. இவற்றின் பரவல் மிகக் குறுகியது. மொத்தப் புள்ளியின் திட்டப் பிழை ஏறத்தாழ 2.2தான். அதே ஐந்து புள்ளி இப்போது பிழையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் நிற்கிறது. ஆட்டங்கள் அவையே, புள்ளிகள் அவையே. எண்ணும் அலகை மாற்றியதும் தீர்ப்பு மாறுகிறது.

நீங்கள் சொன்ன சார்புதான் காரணம். நிலையின் சாய்வு, ஓர் ஆட்டத்தில் அவுக்குக் கொடுத்ததை அடுத்த ஆட்டத்தில் ஆவுக்குக் கொடுத்துவிடுகிறது. இணைக்குள் இரு முடிவுகளும் எதிரெதிராக அசைகின்றன. தனி ஆட்டமாக எண்ணும்போது, நாமே வேண்டுமென்று வைத்த அந்தச் சாய்வு, தற்செயலான இரைச்சலாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. இணையாக எண்ணும்போது அது தானே கழிந்துபோகிறது. ஃபிஷ்டெஸ்ட் இப்படித்தான் கணக்கிடுகிறது: ஓர் இணையின் முடிவு 0, 0.5, 1, 1.5, 2 என்ற ஐந்தில் ஒன்றாக இருக்கும் என்பதால், அதைப் பென்டாநோமியல் முறை என்கிறார்கள்.

ஒன்றுக்கொன்று முடிந்த இணை வீணா என்றால், தகவல் என்ற கணக்கில் அது மெலிந்ததுதான். இரண்டு சமநிலைகளால் ஆன இணையும் அவ்வளவே மெலிந்தது. அத்தகைய இணைகள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தாகப் பெருகினால், நிலைகள் உங்கள் இன்ஜின்களுக்குப் பொருத்தமில்லை என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால், ஆடி முடித்தபின் அவற்றை மட்டும் பொறுக்கி நீக்கிவிட்டு விழுக்காடு காட்டினால், 105–95 என்பது 25–15 ஆகிவிடும். 100க்கு 52.5 எடுத்த இன்ஜின் 62.5 எடுத்ததாகத் தோன்றும். அந்த வேலையைச் செய்யாதீர்கள். மாணவர் செய்தால் மதிப்பெண்ணைக் குறையுங்கள்.

கேள்வி: ஃபிஷர் முறைப்படி, பின்வரிசைக் காய்களை இடம் மாற்றி அடுக்கிக் கிடைக்கும் 960 நிலைகளில் ஒன்றைச் சீட்டுப் போட்டு எடுத்துவிட்டால் யாரையும் குறைசொல்ல முடியாதல்லவா?
– வாசகி, செங்காங்

பதில்: பாபி ஃபிஷர் 1996இல் புவெனஸ் ஐரிஸில் அறிவித்த அந்த முறையிலும் சில நிலைகள் வெள்ளைக்குக் கூடுதல் சாதகம் தருகின்றன, ஆகவே அங்கும் நிறம் மாற்றி இருமுறை ஆடத்தான் வேண்டும். செய்தால் நியாயமான சோதனையே, ஆனால் அது ஃபிஷர் சதுரங்கத்துக்கான சோதனை. வழக்கமான சதுரங்கத்தைப் பற்றி அறிய வேண்டுமானால், வழக்கமான ஆட்டத்தில் வரக்கூடிய நிலைகளே வேண்டும். சீட்டுப் போடும் யோசனை செக்கர்ஸ் ஆட்டக்காரர்களுக்குப் பழையது. நன்றாக ஆடுகிறவர்களுக்கிடையே எல்லாமே சமநிலையில் முடிந்துகொண்டிருந்ததால், முதல் மூன்று நகர்வுகளைச் சீட்டுப் போட்டு எடுத்து, அதையே நிறம் மாற்றி இருமுறை ஆடும் வழக்கத்தை அவர்கள் ஏற்படுத்திக்கொண்டார்கள். 2007இல் ஜானதன் ஷேஃபர் குழுவினர், இருதரப்பும் பிழையின்றி ஆடினால் செக்கர்ஸ் சமநிலையிலேயே முடியும் என்று கணினியால் நிறுவியதும் உங்களுக்கு நினைவிருக்கலாம்.

கேள்வி: 2024 இறுதியில் செந்தோசாவில் குகேஷும் டிங் லிரெனும் உலக வெற்றியாளர் பட்டத்துக்காக ஆடியபோது, 14 ஆட்டமும் வழக்கமான நிலையிலிருந்துதானே தொடங்கின? மனிதர்களுக்குப் போதுமானது இயந்திரங்களுக்கு ஏன் போதவில்லை?
– வாசகர், பொங்கோல்

பதில்: போட்டி வேறு, சோதனை வேறு. உலக வெற்றியாளர் போட்டியில் தொடக்கத்தைத் தேர்ந்தெடுப்பதும், அதற்காக மாதக்கணக்கில் ஆயத்தம் செய்வதும், எதிராளி எதிர்பாராத ஒன்றை எடுத்துவந்து அவரைத் தடுமாறவைப்பதும் ஆட்டக்காரரின் திறமையிலேயே சேர்த்தி. அங்கே நிலையைத் திணித்தால் பாதித் திறமையைக் கழித்துவிடுகிறோம். செந்தோசாவில் இருவரும் வெள்ளையாக ஏழு முறை ஆடினார்கள். முடிவு கண்ட ஐந்து ஆட்டங்களில் முதலாவதும் கடைசியும் கறுப்பு வென்றவை. முதல் ஆட்டத்தை டிங்கும், பட்டத்தைத் தீர்மானித்த பதினான்காவது ஆட்டத்தைக் குகேஷும் கறுப்பாக ஆடியே வென்றார்கள். மனிதர்கள் களைக்கிறார்கள், பதறுகிறார்கள், கடைசி நேரத்தில் யானையைத் தவறான கட்டத்தில் வைக்கிறார்கள். ஆட்டத்தில் வேறுபாட்டைக் கொண்டுவர வேறு ஏற்பாடு தேவைப்படுவதில்லை. இன்ஜினிடம் அது எதுவும் இல்லாததால், வேறுபாட்டை நாம்தான் வெளியிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: நிறம் மாற்றி ஆடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதுகிறவர்கள், நிலைகளைத் தேர்ந்தெடுப்பவர் யார் என்பதைப் பற்றிப் பேசுவதில்லை. தேர்ந்தெடுப்பவருக்கு ஒரு இன்ஜின் மீது பற்று இருந்தால்?
– வாசகர், அங் மோ கியோ

பதில்: சந்தேகம் சரியானது. நிறமாற்றம் ஒரேயொரு அநியாயத்தைத்தான் தீர்க்கிறது: நிலையின் சாய்வு ஒருவருக்கு மட்டும் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்கிறது. நிலையின் தன்மை ஒருவருக்கு ஒத்துப்போவதை அது தொடுவதே இல்லை.

கிங்ஸ் இந்தியன் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் சிப்பாய்கள் ஒன்றையொன்று முட்டிப் பூட்டிக்கொள்கின்றன. வெள்ளை ராணிப் பக்கம் முன்னேற, கறுப்பு ராஜாவின் பக்கம் சிப்பாய்களை ஏவி நேரடித் தாக்குதலுக்குப் போகிறது. கையால் எழுதிய மதிப்பீட்டு விதிகளைக் கொண்ட பழைய இன்ஜின்கள் இத்தகைய பூட்டிய நிலைகளில் வெள்ளையின் இட வசதியை மிகையாக மதித்து, பத்துப் பதினைந்து நகர்வு தள்ளி வரும் தாக்குதலைக் குறைவாக எடைபோடும் பழக்கம் உடையவை. இப்போது ஒருவர் 50 நிலைகளையும் கிங்ஸ் இந்தியனிலிருந்தே எடுத்து, அந்த வகையை நன்கு புரிந்துகொண்ட ஓர் இன்ஜினையும் புரிந்துகொள்ளாத ஒன்றையும் மோதவிட்டால், முன்னது வெள்ளையாகவும் வெல்லும், கறுப்பாகவும் வெல்லும். இணைக்கு இரண்டு புள்ளி, பிழைக்கோடு குறுகலாக, கணக்கு வெகு சுத்தமாக இருக்கும். அது தெரிவிப்பது, கிங்ஸ் இந்தியனை யார் நன்றாக ஆடுகிறார் என்பதை மட்டுமே.

இதற்கு முறையான காப்பு, தொகுப்பைப் பரப்புவதுதான்: திறந்த நிலைகளும் மூடியவையும், ராணி சீக்கிரமே மாற்றப்படுபவையும், இரு ராஜாக்களும் எதிரெதிர்ப் பக்கம் கோட்டை கட்டுபவையும் கலந்திருக்க வேண்டும். அடுத்து, சோதிக்கப்படும் இன்ஜின்களில் ஒன்றின் மதிப்பீட்டை வைத்தே நிலைகளை வடிகட்டக் கூடாது. அப்படிச் செய்தால், அந்த இன்ஜின் எந்த நிலையைத் தவறாகச் சமம் என்று நம்புகிறதோ அது தொகுப்புக்குள் வந்துவிடும், எதைத் தவறாகச் சாய்வு என்று நம்புகிறதோ அது விழுந்துவிடும். மூன்றாவது இன்ஜின் ஒன்றால் வடிகட்டலாம், அல்லது மனிதர்கள் ஆடிய ஆட்டங்களில் எந்த நிலையில் என்ன முடிவு வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம். எந்த நிலைகளை வைத்து இன்ஜினைச் சீர்செய்தோமோ அவற்றையே சோதனைக்கும் வைப்பது, தேர்வுத்தாளை முன்கூட்டியே கொடுத்த கணக்கு.

பற்றைவிட எங்களுக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு: தொகுப்பின் பெயரைச் சொல்லாமல் எலோ (ஆட்ட வலுவை அளக்கும் தரப்புள்ளி) வேறுபாட்டை மட்டும் வெளியிடும் பழக்கம். அதே இரண்டு இன்ஜின்கள், சமமான தொடக்கங்களில் மோதினால் சமநிலைகளுக்குள் அமுங்கி ஒரு சிறிய வேறுபாட்டைக் காட்டும். சாய்வான தொடக்கங்களில் மோதினால் அதே வேறுபாடு பெரிதாகத் தெரியும். இரண்டு எண்ணும் உண்மையே. ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடுவதுதான் பொய்.

கேள்வி: நானே 300 தொடக்க வரிசைகளைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் நான்கு நகர்வு நீளம். எல்லாம் வேறுவேறுதான் என்று உறுதி. இது போதுமா?
– வாசகர், புக்கிட் பாத்தோக்

பதில்: வரிசைகள் வேறு என்பதால் நிலைகள் வேறாகிவிடா. ஒருவர் டி4, சி4, குதிரை எஃப்3, குதிரை சி3 (எழுத்தும் எண்ணும் சேர்ந்தது கட்டத்தின் பெயர், காயின் பெயர் இல்லாவிட்டால் சிப்பாய்) என்று வெள்ளையை நகர்த்த, கறுப்பு குதிரை எஃப்6, இ6, டி5 என்று பதிலளிக்கிறது. இன்னொருவர் டி4, சி4, குதிரை சி3, குதிரை எஃப்3 என்று போக, கறுப்பு டி5, இ6, குதிரை எஃப்6 என்கிறது. மூன்றாமவர் எஃப்3 குதிரையில் தொடங்கி டி4, சி4, குதிரை சி3 என்று வந்துசேர்கிறார். கறுப்பு டி5, குதிரை எஃப்6, இ6. மூன்றும் ராணிக் கேம்பிட்டை மறுக்கும் அதே நிலைதான். உங்கள் பட்டியலில் இவை மூன்று வரிகள்; இன்ஜினுக்கு ஒன்று.

நிலைகளை ஃபென் என்ற எழுத்து வடிவுக்கு மாற்றி ஒப்பிடலாம் என்று உடனே தோன்றும். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது: ஃபென்னின் கடைசி இரண்டு எண்கள், சிப்பாய் நகராமலும் காய் வெட்டப்படாமலும் கழிந்த அரைநகர்வுகளையும் (ஒரு தரப்பின் ஒற்றை நகர்வே அரைநகர்வு) ஆட்டத்தின் நகர்வு எண்ணையும் குறிப்பவை. மேற்கண்ட முதல் வரிசையில் கடைசிச் சிப்பாய் நகர்வுக்குப் பின் ஓர் அரைநகர்வு, இரண்டாவதில் மூன்று. பலகை ஒன்றாகவே இருந்தும் எழுத்து வரி வேறுபடும். அந்த இரு எண்களையும் வெட்டிவிட்டு ஒப்பிடுங்கள். கூடவே, வரிசை ஒரு வெட்டலுக்கு நடுவே நின்றுவிடாமல் பாருங்கள். வெள்ளை வெட்டி, கறுப்பு திருப்பி வெட்டும் முன் நிறுத்தினால், அங்கே காட்டும் சாதகம் வெறும் தோற்றம். நான்கு நகர்வு சற்றுக் குறைவு என்றாலும், வீட்டுச் சோதனைக்குக் குற்றமில்லை.

கேள்வி: வீட்டில் உள்ள மடிக்கணினியில், இணையத்தில் கிடைக்கும் இரண்டு இலவச இன்ஜின்களை ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறேன். சுருக்கமாக வழி சொல்லுங்கள்.
– வாசகர், சுவா சூ காங்

பதில்: கியூட்செஸ் அல்லது ஃபாஸ்ட்செஸ் என்ற நிரல்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், தொடக்கத் தொகுப்பைக் கொடுத்து, வரிசையைக் குலுக்கி, ஒவ்வொரு தொடக்கத்தையும் நிறம் மாற்றி இருமுறை ஆடும்படி அமைக்கும் வசதி இரண்டிலும் உண்டு. இரு இன்ஜினுக்கும் அதே நேரம், அதே நினைவக அளவு, அதே எண்ணிக்கையிலான செயலிக்கூறுகள் கொடுங்கள். 2017 ஆல்ஃபாஸீரோ சோதனையில் ஸ்டாக்ஃபிஷுக்கு 64 கூறுகளைக் கொடுத்துவிட்டு ஒரு கிகாபைட் நினைவகம் மட்டுமே ஒதுக்கினார்கள் என்பது அப்போது எழுந்த முக்கியக் குறைகளில் ஒன்று. இன்ஜினுக்குச் சொந்தமான தொடக்கத் தொகுப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். எதிராளியின் நேரத்தில் யோசிக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள்.

ஆட்டத்துக்கு 10 வினாடியும் நகர்வுக்கு 0.1 வினாடியும் என்பது ஃபிஷ்டெஸ்டின் குறுகிய நேரக் கட்டுப்பாடு; வீட்டுக்கு அது தோதானது. செயலியில் நான்கு கூறுகள் இருந்தால் ஒரே நேரத்தில் மூன்று ஆட்டங்களுக்கு மேல் ஓடவிட வேண்டாம். ஒரே இரவில் ஆயிரம் இணைகளுக்கு மேல் முடிந்துவிடும். நம் ஊர் வெக்கையில் மூடிய அறையில் மடிக்கணினி சூடேறி வேகம் குறையும் என்பது உண்மைதான். இரு இன்ஜினும் மாறி மாறி அதே கணினியில் யோசிப்பதால் பாதிப்பு பெரும்பாலும் இருவருக்கும் பொதுவாகவே போகும், இருந்தாலும் மின்விசிறியைத் திருப்பி வைப்பதில் நட்டமில்லை.

எத்தனை இணைகள் என்பதைத் தொடங்குமுன்பே எழுதிவைத்துவிடுங்கள். நீங்கள் விரும்பும் இன்ஜின் முந்தியிருக்கும் தருணம் பார்த்து நிறுத்தினால், நிகரான இரண்டில் ஒன்றைக்கூட வெற்றியாளராக்கிவிடலாம். இடையில் பார்த்துத் தீர்மானிக்கத்தான் வேண்டும் என்றால், அதற்கென்றே வகுத்த தொடர்நிலைச் சோதனை முறையை அந்நிரல்களிலேயே இயக்கலாம். காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் பாதியில் நிறுத்த நேர்ந்தால், கடைசி இணையில் ஓர் ஆட்டம் மட்டும் முடிந்திருக்கிறதா என்று பார்த்து, முடிந்திருந்தால் அதைக் கணக்கில் சேர்க்காமல் அழித்துவிடுங்கள்.